தங்கள் காலணி மீது விழுந்த தட்டும், பூட்டப்பட்ட பயிற்சி அறையும்

அனுப்புநர்:
இரண்டாம் ஆண்டு மாணவி,
செவிலியர் கல்லூரி,
பெண்கள் விடுதி, மாடிப்படியை ஒட்டிய அறை.
(சென்ற செவ்வாயன்று ஆண்கள் பொது வார்டில் தட்டைக் கீழே போட்டவள்)

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அலுவலர் அவர்கள்,
செவிலியர் கல்வி ஆய்வுப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

வழி: கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: மெய்நிகர் பயிற்சி அறை பூட்டப்பட்டது – கருவிகள் வரும் வெள்ளியன்று திருப்பி அனுப்பப்பட உள்ளன – தாங்கள் வார்டை விட்டுச் சென்றபின் அங்கு நடந்ததைத் தெரிவித்தல் – அறையை மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் கை கழுவும் இடத்தருகே நின்று முதல்வரிடம் கூறிய வாய்மொழி உத்தரவு, அதைத் தொடர்ந்து அன்று மாலையே வந்த எழுத்து உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்படி தட்டைக் கீழே போட்ட மாணவி நான்தான். முகமூடி அணிந்திருந்ததால் என் முகம் தங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. தட்டு நினைவிருக்கும். அதில் புண் துடைத்த பஞ்சும், கிண்ணம் நிறைய அயோடின் மருந்தும் இருந்தன. தங்கள் இடது காலணியும் கால்சட்டை ஓரமும் என்ன ஆயின என்பதை இங்கே மறுபடி எழுதித் தங்களை வருத்த விரும்பவில்லை. வார்டு சிஸ்டர் ஒன்று மட்டும் சொல்லச் சொன்னார்: அந்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். மனுவை முழுவதும் படிக்க நேரமில்லாமல் போனாலும் கால்சட்டையாவது பிழைக்கட்டும் என்று இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

2. இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் உத்தரவின்படி மெய்நிகர் பயிற்சி அறை பூட்டப்பட்டுள்ளது. கருவிகள் அட்டைப் பெட்டிகளில் கட்டப்பட்டு, முதல்வர் அறை வாசலில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வேன் வரும் என்கிறார்கள். நாங்கள் தினமும் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறோம். எங்கள் வகுப்பில் ஒருத்தி போகிற போக்கில் பெட்டியைத் தட்டி, “உள்ள மூச்சு விட முடியுதா பெரியப்பா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். பெரியப்பா யார் என்பது நான்காம் பத்தியில் வருகிறது. அந்த வேன் வெறுமையாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதே என் கோரிக்கை.

3. தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது நேரமின்மையால் அந்த அறைக்குள் வர இயலவில்லை. ஆகவே அது எப்படி இருக்கும் என்று சொல்ல அனுமதிக்க வேண்டும். முன்பு அது உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கும் அறை. இப்போது காலியான தரையும், சுவரோரம் டியூட்டர் மேடத்தின் மேசையும் கணினியும்தான். பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் கண்களை முழுதாக மூடும் மெய்நிகர்க் கண்ணாடியைத் தலையில் மாட்டியதும், ஐயா, எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை! சுவர் போய்விடும். வார்டு வந்துவிடும். இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் மருந்து வண்டி, எதிரே கட்டில், கட்டிலில் ஒரு மனிதர். அவர் நம்மைப் பார்ப்பார். நாம் நகர்ந்தால் அவர் கண்ணும் நகரும். முதல் நாள் கண்ணாடியை மாட்டிய பெண் தன்னையறியாமல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வெளியே நின்று பார்த்த நாங்கள் சிரித்தோம். எங்கள் முறை வந்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம்.

அதற்கு முன் எங்களுக்கு இருந்தது ரப்பர் பொம்மை. அதை ரப்பர் அக்கா என்போம். ரப்பர் அக்கா தங்கமானவர். எத்தனை முறை எங்கே குத்தினாலும் பொறுத்துக்கொள்வார். ஒரு கால் மட்டும் கழன்று வரும். அவரிடம் உள்ள ஒரே குறை, அவருக்கு ஒருபோதும் எதுவும் ஆகாது என்பதுதான். அவருக்கு மூச்சு வாங்காது, பயம் வராது, ஊசி போட வந்தவளைப் பார்த்து “உனக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்கவும் மாட்டார்.

4. பெரியப்பா கேட்பார். கண்ணாடிக்குள் படுத்திருக்கும் அந்த நோயாளிக்கு நாங்கள் வைத்த பெயர்தான் பெரியப்பா. கருவியோடு வந்த குரல் வேற்று மொழியில் இருந்ததால், டியூட்டர் மேடம் தமிழில் பதிவு செய்ய ஆள் தேடினார். கடைசியில் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் அண்ணன்தான் ஒப்புக்கொண்டார். மேடம் கணினியில் அமர்ந்து, நாங்கள் பேசுவதற்கும் செய்வதற்கும் ஏற்ப எந்தப் பதில் வர வேண்டும் என்று அழுத்துவார். ஓட்டுநர் அண்ணன் அந்த வேலையை எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார் என்பது கேட்டால்தான் தெரியும். தலையணை சரியில்லை என்பார், மின்விசிறி சத்தம் என்பார், “நேத்து வந்த பொண்ணு நல்லா பாத்துக்கிச்சு, நீ யாரு புதுசா?” என்பார். அவர் இருமினால் கண்ணாடி மாட்டியிருப்பவள் கட்டிலருகே ஓடுவாள். இப்போதெல்லாம் காலையில் பேருந்தில் அவர் தொண்டையைச் செருமினால்கூட நாங்கள் மொத்தமாக எழுந்து நிற்கிறோம். “உக்காருங்கம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல” என்று அவர் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவுக்கு நாம் சரியாகச் செய்யாவிட்டால் உடம்பு மோசமாகும். அப்போதும் விழித்துக்கொள்ளாவிட்டால் இறந்துபோவார். எதிரே எல்லாம் சாம்பல் நிறமாகி, ஒரு வரி வரும்: ‘நோயாளி இறந்துவிட்டார். மீண்டும் தொடங்கவா?’ அந்த வரியை முதன்முதலாகப் பார்த்த அன்று எங்களில் பாதிப் பேர் மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் வரிசையில் முதலில் நின்றதும் அவர்கள்தான்.

5. இங்கே என்னைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியுள்ளது. என் வகுப்பில் எனக்குப் பெயர் மியூட். எனக்குக் கேட்கும், பேசவும் வரும், ஆனால் நான்கு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வீட்டுக்கு வரும் அத்தை, “வாங்கன்னு ஒரு வார்த்தை வாயில வருதா பாரு, திமிரு” என்பார். திமிர் இல்லை ஐயா, பயம். அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே. சென்ற முறை செய்முறைத் தேர்வில் ரப்பர் அக்காவுக்கு எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். ஆனால் எந்த வேலையையும் தொடங்குமுன் நோயாளியிடம் நாம் யார், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். தேர்வாளர்கள் காத்திருந்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை. தோல்வி என்று எழுதிவிட்டார்கள், அது நியாயம்தான். அடுத்த மாதம் மறுதேர்வு. அதிலும் தவறினால் விதிப்படி படிப்பை விட்டுப் போக வேண்டும். அண்ணன், “கஷ்டப்படாத, வந்துடு, வேற பாத்துக்கலாம்” என்கிறான். அவன் அன்பாகத்தான் சொல்கிறான். எனக்குத்தான் போக விருப்பமில்லை. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

கண்ணாடியை மாட்டினால் என்னைப் பார்ப்பவர்கள் எனக்குத் தெரிவதில்லை. அங்கே பெரியப்பாவும் நானும் மட்டும்தான். அப்படியும் முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. அவர், “ஊமையா வந்து நிக்கிறவ கிட்ட நான் கையை நீட்ட மாட்டேன்” என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வெளியே வந்து அழுதேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒரு நாள், “வணக்கம் ஐயா, நான் செவிலியர் மாணவி, உங்க பி.பி. பாக்கலாமா?” என்று முழு வாக்கியமும் வந்துவிட்டது! பெரியப்பா, “பாரும்மா, அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்” என்று கையை நீட்டினார். மனிதர் கணினியில் இருப்பவர், குரல் பேருந்து ஓட்டுநருடையது, அழுத்தியது மேடம். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கையைப் பிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை.

6. அடுத்து வருவதுதான் முக்கியம் என்பதால் தாங்கள் தயவுகூர்ந்து இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. அதில் பெரியப்பா வழக்கம்போல் குறை சொல்லிக்கொண்டே இருப்பார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கூப்பிட்டால் பதில் வராது. அவர் கோபக்காரர் என்பது எங்களுக்குத் தெரிந்ததால், கோபித்துக்கொண்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். ஒருத்தி தலையணையை மாற்றினாள். ஒருத்தி, “கோவிச்சுக்காதீங்க பெரியப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கொஞ்சினாள். இன்னொருத்தி, சரி, கோபம் தணியட்டும் என்று கதவருகே போய் மரியாதையாக நின்றுகொண்டாள். எல்லோருக்கும் சாம்பல் நிறம்தான் வந்தது. ஏன் இறக்கிறார் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மேடம் சொல்லவும் மறுத்துவிட்டார்.

என் முறை வந்தபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்தார். பேசாமல் இருப்பவரைப் பார்த்தால் எல்லோரும் கோபம் என்றோ திமிர் என்றோதான் எடுத்துக்கொள்கிறார்கள். பேச முடியாமல் இருக்கலாமே என்று யாரும் நினைப்பதில்லை. நான் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. பிடரி நனைந்திருந்தது. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் உதடு நீலம். பேசுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை, ஐயா! அவ்வளவுதான் விஷயம். நான் கத்தினேன். தலைப்பக்கம் உயர்த்தினேன், உதவிக்கு அழைத்தேன், யாருக்கு என்ன, நான் என்ன பார்த்தேன், என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். பெரியப்பா பிழைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் வகுப்பே கைதட்டுகிறது. மேடம், “இத்தனை நாள் இந்தக் குரலை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?” என்று கேட்டார். எனக்கு மறுபடி தொண்டை அடைத்துக்கொண்டது.

7. இனித் தட்டுக்கு வருகிறேன். கண்ணாடிக்குள் எந்தப் பொருளையும் எடுக்க, நாம் கையில் பிடித்திருக்கும் கருவியின் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் விரலைத் தளர்த்தினால் போதும். பொருள் கீழே விழாது, மிதந்து போய்த் தானாக மருந்து வண்டியில் அமர்ந்துகொள்ளும். தரையில் விழுந்த பொருளைக் கண்ணாடியோடு குனிந்து தேடுவது கடினம் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் கை பழகிவிட்டது. விடுதியில் என் அறைத்தோழி தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை அந்தரத்தில் விட்டாள். இன்னொருத்தி சீப்பை விட்டாள், அது வாளிக்குள் போனது. நாங்கள் இதையெல்லாம் பெரிய நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது.

8. செவ்வாயன்று தாங்கள் வார்டுக்கு வந்தபோது நாங்கள் வரிசையாக நின்றோம். சிஸ்டர்கள், டியூட்டர் மேடம், முதல்வர் எல்லோரும் தங்களோடு நடந்துவந்தார்கள். மூன்றாம் படுக்கையில் இருந்தவர் ஒரு கார் மெக்கானிக். நெஞ்சுச் சளிக்காகச் சேர்ந்தவர். வார்டில் அவரைப் போலக் குறை சொல்பவர் கிடையாது. கட்டில் ஆடுகிறது என்று அவரே ஸ்பேனர் கேட்டவர். அன்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தாங்கள் நலம் விசாரித்தீர்கள். பதிலில்லை. தாங்கள் பெருந்தன்மையாக, “பெரியவர் கோவமா இருக்கார் போல, விடுங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்” என்று சொல்லி நகர்ந்தீர்கள். சிஸ்டரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரியப்பாவிடம் நாங்கள் அத்தனை பேரும் செய்தது அதுவேதான்.

நான் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் புண் கட்டிவிட்டுத் தட்டோடு அந்தக் கட்டிலருகே நின்றிருந்தேன். தாங்கள் என் பக்கம் வந்த அதே நேரம் அவர் தோள் என் கண்ணில் பட்டது. மேலே ஏறி இறங்குகிறது. பிடரி நனைந்திருக்கிறது. என் இரண்டு கையும் அவருக்கு வேண்டியிருந்தது. விரலைத் தளர்த்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன் ஐயா, தட்டு வண்டிக்குப் போய்விடும் என்றே என் கை நம்பியது. அது தங்கள் காலுக்கு வந்தது.

9. அதன்பின் தாங்கள், “இதைத்தான் அந்த ரூம்ல கத்துக்குடுக்கிறீங்களா?” என்று கேட்டீர்கள். டியூட்டர் மேடத்துக்குப் பொய் சொல்ல வராது. “ஆமா சார், அங்க கையை விட்டா பொருள் விழாது” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். முதல்வர் தங்களைக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப் போனார். வார்டில் தாங்கள் பார்த்தது அதுவரைதான். மீதிப் பாதியை எழுதத்தான் இந்த மனு.

தாங்கள் தாழ்வாரத்தில் நடந்தபோது வார்டிலிருந்து ஒரு கூச்சல் கேட்டிருக்கும். தட்டைப் போட்ட மாணவியைச் சிஸ்டர் திட்டுகிறார் என்று முதல்வர் நினைத்தாராம். தாங்களும் அப்படியே நினைத்திருக்கலாம். அந்தக் கூச்சல் என்னுடையது. “சிஸ்டர்! மூணாம் பெட்! மூச்சுத் திணறல், உதடு நீலம், பேச முடியல, ஆக்ஸிஜன் வேணும்!” என்று என் வாழ்நாளில் கத்தாத கத்தலைக் கத்தினேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை, எல்லோர் முகமும் எனக்குத் தெரிந்தது. அப்படியும் குரல் வந்தது! சிஸ்டர் தரையில் கிடந்த பஞ்சைத் தாண்டி ஓடிவந்தார். நானும் அவரும் நோயாளியைத் தூக்கி உட்காரவைத்தோம். ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் கிளிப்பை விரலில் மாட்டியதும், அதில் வந்த எண்ணைப் பார்த்த சிஸ்டர் உடனே ஆக்ஸிஜனைத் திறந்தார். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், பக்கத்தில் நின்றே கவனித்தார். உதட்டில் நிறம் திரும்ப நேரம் பிடித்தது. சிஸ்டர் பிறகுதான் திரும்பி, “கத்தினது யாரு?” என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். “மியூட்டா?” என்றார். அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆய்வு முடிந்து எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பும்வரை, கோபக்காரர் தூங்குகிறார் என்று அவரை விட்டிருப்போம். நானும் விட்டிருப்பேன். தோளைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அறை. ரப்பர் அக்காவுக்குத் தோள் அசையாது, ஐயா.

10. ஆனாலும் தங்கள் கவலை நியாயமானது என்பதை மறுக்கவில்லை. கையை விட்டால் விழும் என்பது மறந்துபோன செவிலியரை யாரும் வார்டில் விட மாட்டார்கள். அன்று விழுந்தது தட்டு. அது ஊசியாகவோ, பச்சிளம் குழந்தையாகவோ இருந்திருக்கலாம். ஆகவே நாங்களே ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். கண்ணாடியைக் கழற்றியதும் யாரும் நேரே வெளியே போகக் கூடாது. விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய நிஜமான தட்டைக் கையில் வாங்கி, அறையின் மறுகோடிவரை நடந்து, மேசையில் வைத்து, “வெச்சுட்டேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் சிந்தினால் மறுபடி நடக்க வேண்டும். அறை பூட்டியிருப்பதால் இப்போது விடுதித் தாழ்வாரத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துப் பழகுகிறோம். மாடியிலிருந்து பார்த்தால், இரவுச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பெண்கள் “வெச்சுட்டேன், வெச்சுட்டேன்” என்று கத்திக்கொண்டு நடப்பது தெரியும். காவலர் அண்ணன், “என்னத்தம்மா வெச்சீங்க?” என்று தேடிப்பார்த்துவிட்டுப் போனார்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கருவிகளைப் பெட்டியில் கட்டும் முன் டியூட்டர் மேடம் கணினியில் ஒவ்வொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில், ‘விட்ட பொருள் கீழே விழட்டும்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது! அதை அழுத்தியதும், திரையில் தட்டு ணங்கென்று தரையில் விழுந்தது. ஒரு தட்டு விழுந்ததற்கு அத்தனை பேர் குதித்து எங்கேயும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குறை இருந்தது உண்மை. அதற்கான மருந்தும் அதே கருவியில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. பெரியப்பாவின் காலில் தட்டு விழுந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஓட்டுநர் அண்ணன் இப்போதே ஒத்திகை பார்க்கிறார். அவர் சொல்லிப்பார்த்தவற்றில் பலவற்றை மேடம் பதிவு செய்ய மறுத்துவிட்டார்.

11. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: வெள்ளியன்று வேன் வருமுன் தங்கள் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும். அது உடனே இயலாவிட்டால், வேனையாவது நிறுத்திவைத்து, தாங்கள் ஒருமுறை நேரில் வந்து அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்க்க வேண்டும். தங்களுக்காக நாற்காலி போட்டு வைக்கிறோம், முதல்முறை மாட்டுபவர்களுக்குச் சற்றுத் தலை சுற்றும். பெரியப்பா தங்களிடமும் யார் என்று கேட்பார். பதவியைச் சொன்னால் அவர் மசிய மாட்டார் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மறுதேர்வுக்காக மட்டும் இதைக் கேட்கிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். அதற்காகவும்தான், மறைக்கவில்லை. எனக்குப் பழக இன்னும் நாள் வேண்டும். ஒரு நாள் கத்தியதால் பயம் மொத்தமாகப் போய்விடவில்லை, வியாழனன்று வகுப்பில் எழுந்து நின்றபோது மறுபடி அடைத்துக்கொண்டது. ஆனால் முதலாம் ஆண்டில் இப்போது சேர்ந்திருக்கும் பெண்கள் இன்னும் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை. அவர்களும் சுவர்ப்பக்கம் திரும்பியவரைக் கோபக்காரர் என்றுதான் நினைப்பார்கள். எங்களைப் போல அவர்களும் முதலில் தவறு செய்யத்தான் செய்வார்கள், அதைச் செய்ய ஓர் இடம் வேண்டும். அந்த அறையில் சாம்பல் நிறம் வந்தால், ‘மீண்டும் தொடங்கவா?’ என்று கேட்கும். மூன்றாம் படுக்கையில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள், ஐயா.

12. டியூட்டர் மேடமே எழுதலாமே என்று கேட்டேன். “நான் எழுதினா ரூமுக்காக எழுதினதா இருக்கும். நடந்ததை நீ எழுது” என்றார். முதல்வர் படித்துவிட்டு, “கோரிக்கை மனு இவ்வளவு நீளமா இருக்கக் கூடாது” என்றார். பிறகு அவரே, “சரி, இத்தனை வருஷமா சேத்து வெச்ச பேச்சு, அனுப்பு” என்று கையெழுத்திட்டார். தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொண்டதற்கும், தங்கள் காலணிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை தங்களிடமிருந்து தொலைபேசி வருமா என்று எங்கள் வகுப்பு முழுவதும் முதல்வர் அறை வாசலில், அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும். தயவுசெய்து அழையுங்கள் ஐயா.

இங்ஙனம், வாய் திறந்து கேட்கத் துணிந்த,

(ஒப்பம்)
இரண்டாம் ஆண்டு மாணவி

இடம்: ஆண்கள் பொது வார்டு, சிஸ்டர் மேசை
தேதி: இன்று, திங்கட்கிழமை

சாட்சி:

(மனுவைச் சிஸ்டர் மேசையில் வைத்துக் கையொப்பமிடும்போது, மூன்றாம் படுக்கையில் இருந்தவர் பையோடு வீட்டுக்குக் கிளம்பி வந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். முழுவதும் என் குரலில்தான், நடுவில் எங்கும் நிற்கவில்லை. பேனாவை வாங்கி அவரே எழுதியது கீழே.)

சார், அன்னிக்கு நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு. பதில் சொல்லணும்னுதான் பாத்தேன், முடியல. நான் கோவமா இல்ல. உங்க மேல தட்டு விழுந்ததும் சிரிப்பு வந்துச்சு, சிரிக்கவும் முடியல. இப்ப நல்லா இருக்கேன். அந்தப் பெட்டிங்களை அனுப்பாதீங்க சார். எனக்கு இந்த நெஞ்சு மறுபடி மக்கர் பண்ணும், அது வண்டி மாதிரி, எனக்குத் தெரியும். நான் திரும்ப வந்து படுத்து, வாய் பேச முடியாம சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டா, அப்ப வார்டுல நிக்கிறது யாரோ ஒரு புதுப் பொண்ணாத்தான் இருக்கும்.

(ஒப்பம்)
கார் மெக்கானிக், மூன்றாம் படுக்கை